யார் யாருக்கு விசுவாசம்?
ஆசிரியரும் பள்ளியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கல்வியாண்டு முடியும் வேளையில் நம் பள்ளிகளில் பணி நிறைவு விழாக்கள் நடைபெறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மாலையும் பொன்னாடையும் காத்திருக்கும். தாளாளர் பேசுவார், தலைமையாசிரியர் பேசுவார், முன்னாள் மாணவர் ஒருவர் தழுதழுத்த குரலில் பேசுவார். பேச்சுகள் பலவாயினும் ஒரு சொல் மட்டும் தவறாமல் எல்லாவற்றிலும் வந்துவிடும்: 'முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்பள்ளிக்கு விசுவாசமாக உழைத்தவர்.'

விசுவாசம் என்னும் இச்சொல் கத்தோலிக்கராகிய நமக்கு இரட்டைப் பொருள் உடையது. நம் பாட்டன் பாட்டியர் இறைவன்மேல் கொண்ட நம்பிக்கையை விசுவாசம் என்றே அழைத்தனர். உலக வழக்கிலோ, வேலையாள் எசமானுக்குக் காட்டும் நன்றிக்கும் பணிவுக்கும் அதே பெயர். பணி நிறைவு விழா மேடையில் ஒலிக்கும் விசுவாசம் இவ்விரண்டில் எது? ஓர் ஆசிரியர் தாம் பணிபுரியும் பள்ளியைத் 'தம் பள்ளி' என எண்ணச் செய்வது எது? இவ்வினாவிற்கு அறிவுரைகளில் விடை தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது பயனுடையது.

அவ்வரலாற்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 12 கி.மீ. தொலைவில் இருக்கும் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் போதும். 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985க்குப் பின் இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் பகுதியிலும் அடங்கிய ஊர்கள் இவை. ஒன்று ஆண்டாளும் பெரியாழ்வாரும் பிறந்த கோயில் நகர். 1875லேயே பென்னிங்டன் நூலகத்தைக் கண்ட ஊர். மற்றொன்று பஞ்சாலைகளின் நகர். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜா, தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த ஊர். அரசுப் பள்ளி, கிறித்தவப் பள்ளி, சமுதாயத்தார் நடத்தும் பள்ளி, ஆலை அதிபர்களின் அறக்கட்டளைப் பள்ளி எனத் தமிழகத்துப் பள்ளி நிருவாகங்களின் பல வகைகளையும் இவ்வட்டாரத்தில் காணலாம்.

திண்ணையும் வேதியரும்

பள்ளி என்னும் நிறுவனம் தோன்றுமுன் ஆசிரியர் இருந்தார். சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் கல்வி நிலை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவற்றுள் மிகப் பல திண்ணைப் பள்ளிகளே. திண்ணை ஆசிரியருக்கு ஊதியம் தந்தவர்கள் பெற்றோர்கள். மாதந்தோறும் சிறு காசு, அறுவடையில் தானியம், திருநாளில் துணிமணி என அவர் வாழ்க்கை ஓடியது. அவருக்குத் தாளாளர் இல்லை, மேலாளர் இல்லை. எனவே அவர் பற்று நேரடியாக ஊரின்மேல் இருந்தது. ஊர் அவரை ஆதரித்தவரை அவர் அங்கு இருந்தார்.

நம் திருச்சபையில் இதற்கு இணையாக மற்றொரு மரபு வளர்ந்தது. 1606இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபின் விரிந்த மறைபரப்புப் பணி, குருக்களின் எண்ணிக்கையைக் கொண்டு நடந்ததன்று. குரு ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ எட்டிப் பார்க்கக்கூடிய ஊர்களில், செபம் சொல்லி, மந்திரங்கள் கற்பித்து, இறந்தோரை அடக்கம் செய்து, சபையைக் காத்தவர் வேதியர். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவரும் பின்னர் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவருமான வீரமாமுனிவர், இவ்வேதியர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். தமிழ் உரைநடையின் முன்னோடி நூல்களுள் ஒன்று, இத்தகைய எளிய பணியாளருக்காக எழுதப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பங்குப் பள்ளிகள் எழுந்த காலத்தில் இவ்வேதியரே பல ஊர்களில் ஆசிரியருமானார். பகலில் பள்ளி, மாலையில் செபம், ஞாயிறன்று கோயில் என அவருடைய வாழ்வே பள்ளியோடு பிணைந்தது. குடியிருக்கும் வீடு பங்கிற்கு உரியது. உண்ணும் உணவு பங்கு தருவது. பிள்ளைகளின் திருமுழுக்கும் திருமணமும் அதே கோயிலில். இத்தகையோரின் தியாகத்தால்தான் நம்முள் பலருடைய முன்னோர் எழுத்தறிந்தனர். அதை மறப்பது நன்றி கொல்வதாகும்.

எனினும் இத்தியாகத்தின் மறுபக்கத்தையும் வரலாறு காட்டுகிறது. அனைத்தும் ஒரே இடத்திலிருந்து வந்தமையால், அவ்விடத்தாரின் மனம் மாறினால் அனைத்தும் ஒரே நாளில் போயிற்று. வேலையை இழந்தவர் வீட்டையும் இழந்தார். சில வேளைகளில் சபையில் தமக்கிருந்த மதிப்பையும் இழந்தார். ஆகவே அவர் காட்டிய விசுவாசத்தில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அச்சம் என்பதை அவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க இயலாது. போவதற்கு வேறு இடமில்லாதவரின் நிலைபேற்றை விசுவாசம் என்று புகழ்வது எளிது. அதைச் சோதித்து அறிவது அரிது.

நடுவில் நின்ற கை

1854ஆம் ஆண்டு இவ்வட்டாரத்திற்கு இரு வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் இராக்லண்ட் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமடித்துச் செல்லும் பணியைத் தொடங்கினார். தெற்கேயிருந்த சபைகள் மாதமுறை வைத்துத் தம் உபதேசியார்களைத் தம் செலவிலேயே இப்பணிக்கு அனுப்பின. 1858 அக்டோபரில் சிவகாசியில் அவர் இறந்தார். புரோட்டஸ்டண்ட் சகோதரரின் இம்முயற்சியிலும் உள்ளூர் உபதேசியார்களின் உழைப்பே பெரும் பங்கு வகித்தது.

அதே 1854இல் இலண்டனிலிருந்து சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறை அதிலிருந்து பிறந்தது. இன்று 'அரசு உதவி பெறும் பள்ளி' என நாம் சொல்வதன் வேர் அங்கேதான் உள்ளது. மானியத்தால் பள்ளிகள் பெருகின. ஆனால் மானியம் சென்று சேர்ந்தது ஆசிரியரின் கையிலன்று, நிருவாகியின் கையில். சில காலம், மாணவர் தேர்வில் பெறும் வெற்றியைக் கணக்கிட்டு மானியம் தரும் முறையும் இருந்தது. 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் இந்திய அரசே அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

அரசுக்கும் ஆசிரியருக்கும் நடுவே நின்ற அக்கை பல இடங்களில் ஈகைக் கையாக இருந்தது. மானியம் தாமதமானபோது தம் நகையை அடகு வைத்து ஊதியம் தந்த நிருவாகிகளைப் பற்றிய கதைகள் தமிழகமெங்கும் உண்டு. ஆனால் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறொரு தொகையைக் கையில் கொடுத்த வழக்கமும் உண்டு. கோடை விடுமுறைக்கு முன் வேலையை விட்டு நிறுத்தி, சூன் மாதத்தில் மீண்டும் சேர்த்து, விடுமுறை ஊதியத்தை மிச்சப்படுத்திய வழக்கமும் உண்டு. இவை சமயம், சாதி கடந்து எல்லா வகை நிருவாகங்களிலும் இருந்தன. இத்தகைய பள்ளிகளில் தாளாளரைக் கண்டதும் எழுந்து நின்ற ஆசிரியர், எதற்காக எழுந்து நின்றார் என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஓய்வூதியம் செய்த மாற்றம்

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் திருவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கு. காமராசர். 1954 ஏப்ரலில் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். விருதுநகரில் அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது. வீடு தோறும் எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்தது என்று இன்றும் அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். ஒரு பிடி அரிசியின் அருமையை அறிந்தவர், அவ்வரிசியை உண்டு பாடம் சொன்ன ஆசிரியரின் நிலைமையையும் அறிந்திருப்பார் அன்றோ?

1955இல் அவருடைய அரசு, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம் என்னும் மூன்று பயன்களையும் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் தொடங்கிய அது, பின்னர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியருக்கும் விரிந்தது. இந்திய மாநிலங்களுள் இதில் முந்தியது சென்னை மாநிலமே.

இதன் பயனை வெறும் பணக் கணக்காகக் காணுதல் பிழை. அதுவரை தனியார் பள்ளி ஆசிரியரின் முதுமை, பிள்ளைகளின் கருணையையோ நிருவாகத்தின் இரக்கத்தையோ நம்பியிருந்தது. இனி அவர் ஓராண்டு கூடுதலாக உழைத்தால் அந்த ஓராண்டு எங்கோ ஓர் ஏட்டில் ஏறிக்கொண்டது. நிலைத்து நிற்பதற்கு ஒரு பொருள் பிறந்தது. முன்பு முப்பதாண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தவர் வேறு வழியின்றி இருந்தார். பின்பு முப்பதாண்டுகள் இருந்தவர் எதிர்காலம் தெரிந்து இருந்தார். வெளியிலிருந்து காண்போருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். உள்ளே இருந்தவருக்கு அவை வெவ்வேறு வாழ்க்கைகள்.

சட்டமும் சிறுபான்மையர் உரிமையும்

அடுத்த மாற்றம், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம். கல்வித்துறையின் முன் அனுமதியின்றி ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யலாகாது என்றது அச்சட்டம்; பள்ளிக் குழுவில் ஆசிரியருக்கும் இடம் தந்தது. நம் நிருவாகங்கள் இதைக் கண்டு அஞ்சின. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையருக்குத் தந்த உரிமை பறிபோகிறதே என்று நீதிமன்றம் சென்றன. சில பிரிவுகள் தமக்குப் பொருந்தா எனத் தீர்ப்பும் பெற்றன. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பள்ளியின் தன்மையைக் காக்கும் உரிமை இன்றியமையாதது.

ஆயினும் அவ்வுரிமையின் எல்லையையும் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1958இல் கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில், நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது என்று அது கூறியது. 1986இல் தில்லியிலுள்ள ஃபிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் தொடுத்த வழக்கில், சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்க்கும் மற்றப் பள்ளி ஆசிரியர்க்கு இணையான ஊதியம் தருவதால் சிறுபான்மையர் உரிமை குறைவதில்லை என்று தீர்ப்பளித்தது. மனநிறைவுள்ள ஆசிரியரால் பள்ளியின் சிறப்பு வளருமே அன்றித் தேயாது என்பதே அதன் கருத்து.

'அரசு சம்பளம் தருகிறது, சட்டம் காப்பாற்றுகிறது, இனி எங்களுக்கு யார் கட்டுப்படுவார்?' என்ற பெருமூச்சை அந்நாட்களில் பல தாளாளர்கள் விட்டதுண்டு. அதில் ஓர் உண்மையும் இருந்தது. பாதுகாப்புக் கிடைத்தபின் கடமையில் தளர்ந்தவர்கள் இருந்தனர். பள்ளி மணியை மட்டும் பார்த்து வாழ்ந்தவர்கள் இருந்தனர். பாதுகாப்பு விசுவாசத்தை உண்டாக்கிவிடாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அச்சத்தை அகற்றுகிறது, அவ்வளவே. அச்சம் அகன்ற இடத்தில் என்ன முளைக்கும் என்பது பள்ளியைப் பொறுத்தது.

எது ஒட்ட வைக்கிறது?

இங்கே நம் இரு ஊர்களின் வேறுபாடு ஒன்று கவனிக்கத்தக்கது. இராஜபாளையத்தில் 1936இல் பஞ்சாலை நிறுவிய பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் குடும்பப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் உள்ளன. சமுதாயத்தார் எழுப்பிய பள்ளிகளும் உள்ளன. ஒரே பள்ளியை மட்டும் நடத்தும் நிருவாகத்தில் சேர்ந்த ஆசிரியர், பெரும்பாலும் அங்கேயே ஓய்வு பெறுவார். அவரிடம் படித்தவரின் மகனும் பேரனும் அதே வகுப்பறையில் அமர்வார்கள். தெருவில் நடந்தால் மூன்று தலைமுறை அவருக்கு வணக்கம் சொல்லும். அவரைப் பள்ளியோடு கட்டுவது அந்த வணக்கமே.

நம் மறைமாவட்டப் பள்ளிகளின் அமைப்பு வேறு. பல பள்ளிகளை நடத்தும் ஒரே நிருவாகத்தை விதிகள் ஓர் அலகாகக் கொள்கின்றன. பணி மூப்பும் பதவி உயர்வும் அந்த அலகு முழுவதற்கும் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றன. எனவே திருவில்லிபுத்தூரில் இருப்பவர் வேறோர் ஊருக்கு மாற்றப்படலாம். இதில் நன்மை உண்டு. சிற்றூர்ப் பள்ளிக்கும் நல்லாசிரியர் கிடைப்பார். ஆயினும் வேர் விடுமுன் பிடுங்கி நடப்படும் செடியிடம் நிழலை எதிர்பார்ப்பது கடினம். மாற்றம் எந்த நெறியின்படி நிகழ்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால், ஆசிரியர் அதை ஏற்பார். யாரோ ஒருவருடைய விருப்பு வெறுப்பால் நிகழ்கிறது என்று அவர் எண்ணத் தொடங்கினால், அவரது உடல் மட்டுமே புதிய பள்ளிக்குச் செல்லும்.

இன்னுமொன்று உண்டு. உதவி பெறும் பள்ளிகளில் ஆகஸ்டு முதல் நாளன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் 'உபரி' ஆகும்; ஆசிரியர் பணிநிரவலில் வேறிடம் செல்ல நேரும். அதனால்தான் மே, சூன் மாத வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். தன்னலம் என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீட்டு வாசலில் நின்று, 'உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள்' என்று ஒருவர் கேட்கும்போது, அவர் வாயிலிருந்து வரும் 'எங்கள்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். அங்கே தன்னலமும் பற்றும் ஒன்றாகவே நடக்கின்றன. நல்ல நிருவாகம் இவ்விரண்டையும் ஒரே திசையில் செல்ல விடும்.

ஒரே அறையில் இரு வகையினர்

இவ்வரலாறு இத்துடன் நன்முடிவு எய்தியிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இராது. 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கப்படும் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் பாடப் பிரிவுகளுக்கும் மானியம் இல்லை என்பது தமிழக அரசின் கொள்கையாயிற்று; பின்னர் சட்டத்திலும் இடம் பெற்றது. 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இடையில், 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியேற்றோர் பழைய ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டுப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர்.

இதன் விளைவை நம் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் காணலாம். அரசு ஊதியம் பெறுபவரும், நிருவாகம் மாணவர் கட்டணத்திலிருந்து ஊதியம் தரும் ஆசிரியரும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். படிப்பு ஒன்று, பாடம் ஒன்று, திருத்தும் விடைத்தாள் ஒன்று. மாத இறுதியில் கைக்கு வரும் தொகை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. முன்னவருக்கு 1955உம் 1973உம் நடந்து முடிந்துவிட்டன. பின்னவர் இன்னும் மானிய நாட்களுக்கு முந்தைய வேதியரின் நிலையிலேயே நிற்கிறார். ஆனால் வேதியருக்கிருந்த வீடும் சபையும் இவருக்கு இல்லை. நல்ல வாய்ப்பு வந்தால் சூன் மாதத்தில் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார். 'இக்காலத்து இளைஞர்களுக்கு விசுவாசமே இல்லை' என்கிறோம். நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைக் கண்டபின்னும் அவ்வாறு சொல்ல நமக்கு உரிமை உண்டா?

அரசு மானியம் தராதபோது ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பள்ளி நடத்துவோர் எங்கே போவார்கள் என்னும் வினா நேர்மையானது. அதற்கு எளிய விடை இல்லை. எனினும் திருச்சபையின் போதனை இவ்விடத்தில் மௌனமாக இல்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், கத்தோலிக்கப் பள்ளியின் வெற்றி பெரிதும் ஆசிரியரைப் பொறுத்தது எனக் கூறிற்று. 1982இல் உரோமைக் கத்தோலிக்கக் கல்விப் பேராயம், பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினர் பற்றி வெளியிட்ட ஏட்டில், அவர்களுக்குப் போதிய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும் என வலியுறுத்தியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1286ஆம் விதி, திருச்சபைச் சொத்துகளை நிருவகிப்போர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கடைப்பிடித்து நேர்மையான ஊதியம் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. வேலையாள் தன் கூலிக்கு உரியவர் என்பதை, ஆண்டவர் தம் சீடரை அனுப்பும்போதே சொல்லி அனுப்பினார்.

பணம் குறைவாயினும் செய்யக்கூடியவை சில உண்டு. பணி நியமன ஆணையை எழுத்தில் தரலாம். வைப்பு நிதியைத் தவறாமல் செலுத்தலாம். ஊதியம் எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது என்பதை மறைக்காமல் சொல்லலாம். கோடை விடுமுறைக்கும் ஊதியம் உண்டா என்பதைச் சேரும் நாளிலேயே தெரிவிக்கலாம். மானியப் பணியிடம் காலியாகும்போது எந்த நெறியின்படி நிரப்பப்படும் என்பதை முன்னரே அறிவிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அமரும் பொதுநிலையினராகிய நாமும், கட்டடம் பற்றி மட்டும் கேட்காமல் இவற்றையும் கேட்கலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவுக்குத் தரும் நன்கொடையில் ஒரு பகுதியை இவ்வாசிரியர்க்கான நிதியாக்கலாம். பிடி அரிசியால் பள்ளி வளர்த்த மாவட்டத்தில் இது இயலாததா?

மீண்டும் அந்தச் சொல்லுக்கு வருவோம். இறைவன்மேல் நாம் கொள்ளும் விசுவாசம் நம்மிடமிருந்து தொடங்குவதில்லை என்பது நம் மறையின் அடிப்படை. அவர் முதலில் வாக்குத் தந்தார். நாம் தவறியபோதும் அவர் தவறவில்லை. அதனால்தான் நம்மால் நம்ப முடிகிறது. பள்ளிக்கும் ஆசிரியருக்கும் இடையே நிற்கும் விசுவாசமும் இம்முறையிலேயே பிறக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது. யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர் முதலில் உண்மையுள்ளவராக வேண்டும். அதன் பின்னரே மற்றவரின் உண்மையை அவர் கேட்கலாம்.

அடுத்த பணி நிறைவு விழாவில் 'இப்பள்ளிக்கு விசுவாசமாக இருந்தார்' என்னும் சொல் ஒலிக்கும்போது நாம் கைதட்டுவோம், தட்டவும் வேண்டும். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியை ஒருவரையும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். அவருக்கு அடுத்த சூன் மாதத்தில் வேலை இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. இப்பள்ளி அவருக்கு விசுவாசமாக இருக்கிறதா?